முன்பக்கம் எம்.ஜி.ஆர்., பின்பக்கம் பின்கோடு: ஒரு கையெழுத்துப் படத்தின் நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாபேட்டையில் ஒரு குடும்பம் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தது. அப்போது கிடைத்தவை என்று, பழைய கையெழுத்துகளைச் சேகரிக்கும் என் முன்னால் வைக்கப்பட்டவை மூன்று. முதலாவது, எட்டுக்குப் பத்து அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஸ்டில். அதன் கீழ் ஓரத்தில் “அன்புத் தம்பிக்கு நினைவாக” என்று ஒரு வரி, அதன் அடியில் எம்.ஜி.ஆர். கையெழுத்து, பக்கத்தில் 1956. இரண்டாவது, உள்ளங்கை அளவில் ஓர் ஆட்டோகிராப் நோட்டு. மூன்றாவது, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்ட ஒரு சம்பள வவுச்சர்.

படத்துக்கு 25,000 ரூபாய் எதிர்பார்த்தார்கள். மற்ற இரண்டையும் பற்றிக் கேட்டதற்கு, கொண்டு வந்த பேரன் சொன்னது: “அதெல்லாம் சும்மா கிடந்துச்சுங்க சார், படத்தோட சேத்து எடுத்துக்கங்க.”

தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவில் லைட் பாயாக இருந்தார். ஷூட்டிங் முடிந்த அன்று எம்.ஜி.ஆர். தன் கையால் எழுதிக் கொடுத்தார். இதுதான் படத்துக்கான கதை. சேலத்தில் இப்படி ஒரு கதையைக் கேட்டவுடன் தள்ளிவிட முடியாது. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நடத்திய அந்த ஸ்டூடியோவிலிருந்து 1937இல் ‘சதி அகல்யா’ வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. கலைஞர் வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950இல். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெயரோடு, கேவாகலரில் எடுத்த அலிபாபா 1956 பொங்கலுக்கு. நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம். நடிகர்கள் மாதக்கணக்கில் இந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். இன்று முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது என்றாலும், அங்கே தச்சு வேலையோ எலெக்ட்ரிக் வேலையோ சமையலோ பார்த்தவர்களின் வீடுகள் ஊர் முழுக்க இருக்கின்றன. அந்த வீடுகளின் பரணில் உண்மையான பொருள் இருக்கிறது என்பதால்தான் உண்மையில்லாத பொருளும் இங்கே சுலபமாக விலை போகிறது. ஸ்டூடியோவே இல்லாத ஓர் ஊரில் இந்தப் படத்தை யாரும் 25,000 சொல்லி எடுத்து வந்திருக்க மாட்டார்கள்.

கையெழுத்தைக் கடைசியாகப் பார்ப்பது என் வழக்கம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் கொலுசின் வேலைப்பாட்டைப் புகழ்வதற்கு முன்னால் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று பார்ப்பார்களே, அந்த வரிசைதான். முதலில் காகிதம், பிறகு மை, பிறகு எழுத்து, பிறகு எங்கிருந்து வந்தது என்ற வழி. பெயரை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்யாது. எம்.ஜி.ஆர். என்றால் கேட்கவே வேண்டாம்.

பின்பக்கம்

படத்தைத் திருப்பினேன். ஊதா மையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், பாதி அழிந்த நிலையில் இருந்தது. கடையின் பெயர் படிக்கவில்லை. “சேலம்” தெரிந்தது, அதை ஒட்டி 636 என்று தொடங்கும் ஆறு இலக்கம் தெரிந்தது.

இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன் ஒரு கடையின் ஸ்டாம்பில் இந்த ஆறு இலக்கம் இருக்க வழியே இல்லை. முன்பக்கம் 1956 என்கிறது, பின்பக்கம் 1972க்கு முன் நான் இல்லை என்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ‘போலி’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய பிரின்ட் ஒன்றில் பிற்காலத்தில் ஒரு கடைக்காரர் ஸ்டாம்ப் குத்தியிருக்கலாம். ஃபிரேம் போடக் கொடுத்த இடத்தில்கூடக் குத்துவார்கள். ஆகவே ஸ்டாம்ப் மட்டும் போதாது, பிரின்ட் எந்தக் காலத்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. இருட்டறையில் ஒரு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். படத்தின் வலது மேல் மூலையில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு தெரிகிறது. பழைய போட்டோக்களில் விழுமே, அந்த மாதிரி வெள்ளைக் கீறல். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. மடிப்பு இந்தக் காகிதத்தில் இல்லை, படத்துக்குள்தான் இருக்கிறது. அதாவது மடிந்து போன பழைய பிரின்ட் ஒன்றை கேமராவில் எடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து மறுபடி போட்ட பிரதி இது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது தலைப்பாகையின் ஜரிகை, நிழலில் உள்ள துணி மடிப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து மாவு போல இருந்தன. மூல நெகட்டிவிலிருந்து போட்ட ஸ்டூடியோ ஸ்டில்லில் இழை இழையாகத் தெரிய வேண்டிய இடங்கள் அவை.

யூ.வி. டார்ச்சில் காகிதம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்துக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் ரசாயனம் செய்யும் வேலை அது. போட்டோ காகிதத்தில் 1950களிலேயே அது வர ஆரம்பித்துவிட்டதால், 1956 என்று தேதி போட்ட படத்துக்கு இந்த ஒளிர்வு எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. 1940களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் படம் இப்படி ஒளிர்ந்தால் அது வேறு விஷயம். யூ.வி. டார்ச் வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் அதில் காட்டித் தீர்ப்புச் சொல்லும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். டார்ச் சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்வதுதான் அதில் உள்ள தொல்லை.

மையும் எழுத்தும்

மை பேனாவின் நிப்பை அழுத்தினால் அதன் இரண்டு பிளவும் விரியும். கோட்டின் இரு ஓரமும் கறுத்து, நடு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். பளபளப்பான போட்டோ காகிதத்தில் மை சரியாகப் பிடிக்காமல் அங்கங்கே திரண்டு நிற்கும். பால் பாயிண்ட் என்றால் பள்ளம் விழும். இந்தக் கையெழுத்தில் இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை. கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம், முனைகள் மொட்டை, காகிதத்தில் அழுத்தமே இல்லை. ஸ்கெட்ச் பேனா.

நார் முனைப் பேனாவை ஜப்பானில் யுகியோ ஹோரியே உருவாக்கியது 1962இல். அது இங்கே தெருக் கடைகளுக்கு வந்து சேர இன்னும் காலம் ஆகியிருக்கும். 1956இல் யார் கையிலும் அது இருந்திருக்க முடியாது.

அடுத்தது தமிழ்ச் சேகரிப்பாளருக்கு மட்டும் கிடைத்திருக்கும் ஒரு சாட்சி. “நினைவாக” என்பதில் உள்ள ‘னை’ இன்று நாம் எழுதும் வடிவில் இருந்தது. ணை, லை, ளை, னை நான்கும் ஒரு காலத்தில் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த கொம்போடு எழுதப்பட்டவை. ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. இப்படிப் பதின்மூன்று எழுத்துகளை மாற்றித் தமிழக அரசு ஆணை போட்டது 1978 அக்டோபரில். பெரியார் நூற்றாண்டை ஒட்டி அந்த ஆணையைப் போட்டது எம்.ஜி.ஆர். அரசுதான். அவர் முதலமைச்சராகிக் கொண்டுவந்த எழுத்து, இருபத்திரண்டு வருடம் முன்னால் அவர் போட்டதாகச் சொல்லும் கையெழுத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது!

சுவையான பொருத்தம்தான். ஆனாலும் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெரியாரின் ‘குடி அரசு’ 1935லிருந்தே சீர்திருத்த எழுத்தில் அச்சானது. அதைப் படித்துப் பழகிய இயக்கத்துக்காரர்கள் 1950களிலேயே புது வடிவில் எழுதியிருக்கலாம். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 1978க்குப் பிறகும் சாகும்வரை துதிக்கையை விடாத தாத்தா பாட்டிகளை நமக்கெல்லாம் தெரியும். எனவே புது எழுத்து ஒரு கேள்வியை எழுப்பும், பழைய எழுத்து அந்தக் கேள்வியை எழுப்பாமல் விடும், அவ்வளவுதான். இங்கே அது ஸ்டாம்ப், மறுபிரதி, ஸ்கெட்ச் பேனா மூன்றோடும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டியது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு விஷயங்கள் ஒரே பக்கம் கை நீட்டினால் எனக்குப் போதும்.

இன்னொரு வாய்ப்பையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் வரை இருந்தார். 1980களில் யாரோ இந்த மறுபிரதியை நீட்டி, அவரும் கையெழுத்துப் போட்டு, படம் வந்த ஆண்டையே எழுதியிருக்கலாம் அல்லவா? வாதத்துக்குச் சரி. ஆனால் குடும்பம் சொல்லும் கதை அது இல்லை. கதையை விட்டுவிட்டால் படத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது. அப்புறம் கையெழுத்து தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

கையெழுத்து

அதனால்தான் கடைசியாகக் கையெழுத்துக்கு வந்தேன். எதோடு ஒப்பிடுவது என்பதுதான் இங்கே எல்லாச் சிக்கலுக்கும் வேர். இணையத்தில் விற்பனைக்கு வரும் எம்.ஜி.ஆர். கையெழுத்துகளோடு ஒப்பிடக் கூடாது. அவற்றில் எத்தனை உண்மை என்பதே கேள்வி. 1983இல் ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்பு என்று 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியதே, அதில் நடந்தது இதுதான். கையெழுத்து நிபுணர்கள் ஒத்துப்போகிறது என்றார்கள். ஒத்துப்போகத்தான் செய்யும், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே கான்ராட் குஜாவ் என்ற அதே போலி எழுத்தாளர் எழுதியவை கலந்திருந்தன. கடைசியில் காட்டிக் கொடுத்தது கையெழுத்து அல்ல, காகிதம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த வெண்மை ரசாயனம் அதில் இருந்தது.

நான் மாதிரியாக எடுத்துக்கொள்வது அரசு ஆவணங்களில் உள்ளவை, அந்தந்தக் காலத்துப் புத்தகங்களிலும் மலர்களிலும் அச்சான கையெழுத்துப் பிரதிகள், கை மாறாமல் ஒரே இடத்தில் இருந்த கடிதங்கள். அதிலும் காலம் பார்க்க வேண்டும். 1984 அக்டோபரில் உடல்நிலை பாதிக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் அவர் கை ஒரே மாதிரி இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முதல்வராகக் கோப்பில் போட்டதும் ரசிகருக்கு நின்றபடி போட்டதும் ஒன்றாக இருக்காது.

எழுத்தின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். பார்க்க வேண்டியது கை போன வேகம். தன் பெயரை ஆயிரக்கணக்கில் எழுதியவரின் பேனா காகிதத்தைத் தொடும் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். விலகிய பிறகும் ஓடும். அதனால் கோட்டின் தலையும் வாலும் மெலிந்து போகும். பார்த்து வரைபவர் பேனாவை வைத்துவிட்டுத்தான் தொடங்குவார், நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார். இந்தப் படத்தில் மூன்று இடங்களில் பேனா நின்று மை பொட்டாகப் பரவியிருந்தது. ஒரு வளைவில் கோட்டை எடுத்து மறுபடி ஒட்டவைத்த தையல் தெரிந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போடும் ஒரு நட்சத்திரம் நின்று நிதானித்துத் தையல் போட மாட்டார்.

நோட்டு

இனி அந்த சும்மா வந்த நோட்டுக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு ருசித்தது இதுதான். பின்னட்டையில் பென்சிலில் விலை, அணாவில். இந்தியாவில் அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. நோட்டு அதற்கு முன் விற்பனையானது என்று வைத்துக்கொள்ளலாம். (உள்ளே எழுதியது எப்போது என்பதை அட்டை சொல்லாது. பழைய வெற்று நோட்டுகளைத் தேடி வாங்குபவர்கள் உண்டு, எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.)

நோட்டுக்காரர் தாத்தாவின் தம்பி, அப்போது பள்ளிக்கூடப் பையன். பாதிப் பக்கங்களில் வகுப்புத் தோழர்கள் “மறவாதே” என்று பூப் போட்டு எழுதியிருக்கிறார்கள். நடுநடுவே ஸ்டூடியோ ஆட்கள்: ஒரு மேக்கப்காரர், சண்டைக் கோஷ்டியில் சிலர், யாரென்றே கண்டுபிடிக்க முடியாத இரண்டு நடிகைகள். ஒரு பக்கத்தில் பி.எஸ். வீரப்பா. இன்னொன்றில் ஆங்கிலத்தில் டி.ஆர். சுந்தரம். எம்.ஜி.ஆர். இல்லை.

அவர் இல்லாததே எனக்கு முதல் நம்பிக்கை. ஏமாற்ற நினைத்து இப்படி ஒரு நோட்டைத் தயாரிப்பவர் மேக்கப்காரருக்கு ஒரு பக்கத்தை வீணாக்கிவிட்டு எம்.ஜி.ஆரை விட்டுவிட மாட்டார். அலிபாபா எடுத்த அதே ஸ்டூடியோ, அதே காலம். பையனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, எதிர்ப்பக்கத் தடம். ஈரம் காய்வதற்குள் நோட்டை மூடியதால் சுந்தரத்தின் கையெழுத்து எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி லேசாகப் பதிந்திருந்தது. அந்தத் தடத்தின் மேல் ஒரு தோழனின் “மறவாதே” எழுதப்பட்டிருந்தது. தோழன் எழுதுவதற்கு முன்பே சுந்தரம் எழுதிவிட்டார் என்று வரிசை தெரிகிறது. மூன்றாவது, பூச்சி. ஏழெட்டுப் பக்கங்களைத் துளைத்துப் போன ஓட்டை ஒன்று வீரப்பாவின் பெயர் வழியாகவும் போகிறது. ஓட்டை விழுந்த பிறகு மை பேனாவால் எழுதியிருந்தால், அரித்த விளிம்பில் மை ஊறிப் பரவியிருக்கும். இங்கே கோடு சுத்தமாக அறுந்திருக்கிறது. எழுத்து முதலில், பூச்சி பிறகு. தோழர்கள் எழுதிய பக்கங்கள் முழுக்கத் துதிக்கை ‘னை’யும் ‘லை’யும்தான்.

சுந்தரத்தின் கையெழுத்துக்கு ஒப்பிட மாதிரி இருந்தது. ஸ்டூடியோவில் கணக்குப் பார்த்த ஒருவரின் வீட்டில், லெட்டர்ஹெட் தாளில் வந்த வேலை உத்தரவு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார்கள். வேகம், சாய்வு, கடைசிக் கோட்டின் இழுப்பு எல்லாம் ஒத்தன. அச்சாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை என்பதும் நல்லதே. ஒரே ஆளின் இரண்டு கையெழுத்து மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தினால் அது டிரேசிங்காகவோ ரப்பர் ஸ்டாம்பாகவோ ஆட்டோபென் இயந்திரம் போட்டதாகவோ இருக்கும். வீரப்பாவுக்கு எனக்கு நம்பகமான மாதிரி கிடைக்கவில்லை. பக்கத்தின் நிலைமை சாதகம், கையெழுத்து ஒப்பிடப்படவில்லை என்று குறித்துக்கொண்டேன். இப்படிப் பிரித்து எழுதி வைப்பதைச் சிலர் கேலி செய்வார்கள். ‘நூறு சதவீதம் அசல்’ என்று எழுதுபவர்களைவிட இவர்களோடு காலம் தள்ளுவது எனக்கு எளிது.

வவுச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாவின் பெயர், ஸ்டூடியோவின் பெயர், ஸ்டாம்ப் மேல் அவர் கையெழுத்து. தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்பதை அது உறுதி செய்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கதையில் ஒரு பகுதி நிரூபணமானதும் மீதியும் நிரூபணமானதாக எடுத்துக்கொள்கிறார்கள். வவுச்சர் நோட்டுக்குப் பலம் சேர்க்கிறது. படத்தின் முன்பக்கத்தில் யார் எழுதினார் என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

நம் சட்டத்திலும் இந்த நுணுக்கம் உண்டு. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு முப்பது வருடப் பழைய ஆவணத்துக்கு ஒரு சலுகை கொடுத்தது: இருக்க வேண்டியவரின் பொறுப்பிலிருந்து அது வந்திருந்தால், கையெழுத்து உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அதைத் தொடர்கிறது. பழையது என்பது மட்டும் அங்கே போதாது, யார் வசம் இருந்தது என்பதும் வேண்டும். அதுவும் அனுமானிக்கலாம் என்றுதான். அனுமானித்தே ஆக வேண்டும் என்றில்லை.

குடும்பத்திடம் எல்லாவற்றையும் காட்டிச் சொன்னேன். டார்ச்சைப் பேரன் கையிலேயே கொடுத்து மடிப்பைப் பார்க்க வைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாருங்களா?”

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இல்லை. அசல் படம் ஒன்று அந்த வீட்டில் இருந்து மக்கிப்போயிருக்கலாம். யாரோ அதைக் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்து, மங்கிப்போன வரிகளைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் மேலே எழுதியிருக்கலாம். வீட்டுச் சுவரில் மாட்ட அது நியாயமான காரியம். விலை சொல்லிக் கடைத்தெருவுக்கு வரும்போதுதான் அது வேறு பெயர் பெறுகிறது. படத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நோட்டுக்கும் வவுச்சருக்கும் தனியாக விலை பேசினோம். சும்மா எடுத்துக்கொண்டால் பின்னால் அதற்கு ஒரு ரசீதுகூட இருக்காது, அடுத்தவருக்குக் காட்ட வழி இருக்காது. எந்த வீட்டிலிருந்து, யார் வழியாக, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளும் நோட்டோடு இருக்கிறது.

படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்து ஓர் இணைய விற்பனைப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். வலது மேல் மூலை மடிப்பு, மூன்று பொட்டு, அந்தத் தையல் எல்லாம் அப்படியே. கூடவே ஹோலோகிராம் ஒட்டிய ‘அசல் சான்றிதழ்’ ஒன்று சேர்ந்திருந்தது. சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1990களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, கும்பலின் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. அந்தச் சரக்கும் சான்றிதழோடுதான் விற்றது. இந்தப் படத்தின் சான்றிதழில் லைட் பாய் தாத்தா இல்லை, அம்மாபேட்டை இல்லை. “தனியார் சேகரிப்பு” என்று மட்டும் இருந்தது. இருந்த ஒரே உண்மையான துண்டையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

பின்பக்கத்தின் படம் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். முன்பக்கத்தை இன்னும் பெரிதாக எடுத்து அனுப்பியிருந்தார்கள்.